மணலேரியைச் சுற்றி அரைக் கிலோமீட்டர்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலை 6.10-க்கு எழுந்தேன். பால் 6.25-க்கு வந்தது. நாளேட்டின் ஏழாம் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: மணலேரி தொடர்வண்டி நிலையத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் அமைந்த நிலம் முழுவதும் இனிச் 'செறிவு வளர்ச்சிப் பகுதி' ஆகும். அதாவது, உயரமான குடியிருப்புகளுக்கு அனுமதி உண்டு, நடைபாதைகள் அகலப்படுத்தப்படும், கார் நிறுத்துமிடங்கள் குறைக்கப்படும். வீட்டிலிருந்து நடந்தே வந்து மக்கள் வண்டி ஏறிவிட வேண்டும் என்பது நோக்கம். ஆட்சேபணை தெரிவிக்க இன்றிலிருந்து அறுபது நாள் அவகாசம்.

கடைசி நாள் அக்டோபர் 3 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய நாளை நீக்கி எண்ணினால் அறுபதாம் நாள் அக்டோபர் 4, வெள்ளி. இதைச் சுட்டிக்காட்டி அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன்.

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில் ஒட்டியிருப்பதாக அறிந்து ஆட்டோவில் சென்றேன். ரயில்வே கேட் மூடியிருந்தபடியால் 10.30-க்குச் சேர வேண்டியவன் 11.05-க்குச் சேர்ந்தேன்.

வட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வடகிழக்கில், குளக்கரையைத் தொடும் இடத்தில், கோடு ஒரு மயிரிழை அளவு தடித்திருக்கிறது. அந்த இடத்தில் பேனாவிலிருந்து மை சற்றுக் கூடுதலாக இறங்கிவிட்டது. 12 பிப்ரவரி 1979, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல். பேனாவைப் பிடித்திருந்தவன் நான்.

நகரமைப்பு அலுவலகத்தின் வரைவுக்கூடத்தில் அப்போது பதினெட்டு மேசைகள் இருந்தன. மின்விசிறி ஓடினால் டிரேசிங் தாள் பறக்கும் என்பதால் ஏப்ரல் மாதத்திலும் அதை நிறுத்தியே வைத்திருப்போம். வியர்வை தாளில் சொட்டாமலிருக்க முழங்கையில் கைக்குட்டை கட்டிக்கொள்வோம். அடுத்த அறையில் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் அம்மோனியா வாடை மாலையில் சட்டையோடு வீட்டுக்கு வரும். நான்காயிரத்தில் ஒன்று என்ற அளவில் அரைக் கிலோமீட்டர் என்பது பன்னிரண்டரை சென்டிமீட்டர். கவராயத்தை விரித்து, ஊசிமுனையை மணலேரி நடைமேடையின் நடுவில் ஊன்றி, மூச்சை அடக்கி ஒரே சுற்றில் முடித்தேன். தலைமை வரைவாளர் இக்னேஷியஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "திருநெல்வேலி, ஒன் வட்டம் நெலாவவிட நல்லா இருக்குய்யா" என்றார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்ட நாள் அது ஒன்றே.

அந்த வட்டத்தை நம்பித்தான் இந்த வீட்டையும் வாங்கினோம். நிலையத்துக்குக் கிழக்கே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஆனந்தவல்லி குடியிருப்பு, முதல் மாடி. குடிவந்தது 29 ஜனவரி 1981, வியாழன். ஊசிமுனை ஊன்றிய புள்ளியிலிருந்து 340 மீட்டர். நடந்தால் ஐந்து நிமிடம் என்று பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே கணக்கிட்டுச் சொன்னேன்.

வீடு திரும்பி, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் என் வட்டம் சட்டமாகப் போகிறது என்ற செய்தியைக் காந்திமதியிடம் தெரிவித்தேன்.

"அந்த அஞ்சு நிமிஷ வட்டமா?" என்றாள். கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

அவளுக்கு எழுபத்துநான்கு வயதாகிறது. முழங்கால் வலி இருப்பதால் இப்போதெல்லாம் பதில்கள் சுருக்கமாகவே வருகின்றன.

14 ஆகஸ்ட் 2024, புதன்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயவேலு மாலை 5.40-க்கு வந்தார். கீழ்வீட்டுக்காரர். அறுபது வயது ஆகியும் என்னை 'பெரியவரே' என்பார். மனம் குளிர்ந்திருந்தால் 'சார்'. இன்று சார்.

"சார், நம்ம தெரு வட்டத்துக்குள்ள விழுந்திருச்சு. பில்டர் அவனாவே போன் பண்றான். பன்னெண்டு வீட்டையும் இடிச்சிட்டுப் பதினாலு மாடி. நம்ம ஒவ்வொருத்தருக்கும் புது வீடு. ரெண்டு லிஃப்ட்டு. அம்மா இனிமே படியில ஒக்காந்து ஒக்காந்து ஏற வேணாம்."

"எல்லோரும் சம்மதித்துவிட்டார்களா?"

"பத்து கையெழுத்து ஆச்சு. மேல டீச்சரம்மா ஊர்லேர்ந்து வந்ததும் போட்ருவாங்க. நீங்கதான் பாக்கி. நீங்க போடாம எப்டி சார், வட்டமே ஒங்களுதுன்றாங்க அம்மா."

"என் பெயர் அந்த வரைபடத்தில் இல்லை. முதலெழுத்துகள் மட்டும் இருக்கும்."

"அதான் சார். வட்டம் போட்ட கை, ஒரு கையெழுத்துப் போடாதா?"

படிவத்தை முழுவதும் படித்த பிறகே ஒப்பமிடுவேன் என்று சொன்னேன். இருபத்திரண்டு பக்கம், பதினேழாம் பக்கம் இருமுறை வந்திருக்கிறது. காந்திமதி காப்பி கொடுத்துவிட்டு, லிஃப்ட் எத்தனை பேர் கொள்ளும் என்று அவரிடம் விசாரித்தாள். எட்டுப் பேராம்.

19 ஆகஸ்ட் 2024, திங்கள்

மழை. காந்திமதி படி இறங்கி இன்றோடு பதினோரு நாள்.

27 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

திட்டத்துக்காகக் களஆய்வு செய்யும் நிறுவனத்திலிருந்து ஃபர்ஸானா என்ற பெண் காலை 7.50-க்கு வந்தாள். 7.45 என்று சொல்லியிருந்தாள். வயது இருபத்தேழு இருக்கலாம். கிழக்குப் பக்கத்தவர் நிலையத்துக்கு எவ்வாறு போகிறார்கள் என்று வீட்டுக்கு ஒருவரை உடனழைத்து நடந்து பார்ப்பது அவளது பணி. நானே வருகிறேன் என்றேன். வழியை என்னைவிட நன்கறிந்தவர் இத்தெருவில் இல்லை.

புறப்பாடு 8.02. தெருமுனையில், வீட்டிலிருந்து முந்நூறாம் மீட்டரில், ரயில்வே சுற்றுச்சுவர். அதற்கு அப்பால் நடைமேடை. சுவர் மார்பளவுதான் அங்கே; நடைமேடையில் நின்ற ஒருவர் கையிலிருந்த நாளேட்டின் தலைப்பை என்னால் வாசிக்க முடிந்தது. ஆனால் நுழைவாயிலும் பயணச்சீட்டுச் சாளரமும் மேற்கே மட்டுமே உள்ளன. ஆகவே சுவரை ஒட்டித் தெற்கே கேட் வரை நடந்தோம். கேட் மூடியிருந்தது. ஆறு நிமிடம் நின்றோம். அதைக் கடந்து, மேற்குப் பக்கமாக அதே தொலைவை வடக்கே திரும்பி நடந்தோம். பயணச்சீட்டுச் சாளரத்தை அடைந்தபோது 8.31.

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். "நேர்க்கோட்டுல முந்நூத்தி நாப்பது மீட்டர் சார். நடந்தது ஆயிரத்தி அறுநூத்தி இருபது. கேட்ல நின்னத கழிச்சா இருபத்திமூணு நிமிஷம்."

"அந்நாளில் நான் ஐந்து நிமிடத்தில் சென்றுவிடுவேன்."

"எப்படி சார்?"

"நான் வேகமாக நடப்பவன்."

அவள் மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "நிமிஷத்துக்கு முந்நூறு மீட்டருக்கு மேல வருது சார்" என்றாள் மிக மரியாதையாக. பிறகு கேட்டுக்கே திரும்பி நடந்தோம்.

வழியில் அவள் சொன்னது: "கவராயத்துல வட்டம் போட்டா மேப் அழகா இருக்கும். ஆனா யாரும் காக்கா மாதிரி பறந்து போறதில்லையே. நடக்கற வழிய அளந்து எல்லை போடணும்னு நான் ஆபீஸ்ல சொல்லிப் பாத்துட்டேன். 1979-லயே ஒப்புதலான வட்டம் இது, மாத்தணும்னா பொதுமக்கள் யாராவது எழுத்துல ஆட்சேபணை குடுக்கணும்னுட்டாங்க. உள்ள இருக்கறவங்க யாரும் குடுக்க மாட்டாங்க. வெளிய இருக்கறவங்களுக்கு இது தெரியாது. பழைய மேப்ல மூலையில தி.நெ.-ன்னு போட்டிருக்கு. அவர் இன்னும் இருக்காரோ என்னமோ."

அதற்குப் பதில் கூற வேண்டிய அவசியம் எழவில்லை.

தண்ணீர் குடிக்க மாடிக்கு வந்தவள், திரும்பும்போது வாசற்கதவில் உள்ள பெயர்ப்பலகையின் முன் சற்று நின்றாள். 'தி. நெல்லையப்பன், வரைவாளர் (ஓய்வு)'. பித்தளையைத் துலக்கிப் பல மாதங்கள் ஆகின்றன.

28 ஆகஸ்ட் 2024, புதன்

எழுதத்தக்கது எதுவுமில்லை. பெயர்ப்பலகையைத் துலக்கினேன்.

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேற்றைய விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டையில் நான்கு மீந்திருந்தன. அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், நடந்து பார்த்ததில் இருபத்துமூன்று நிமிடம் ஆயிற்று என்பதைக் காந்திமதியிடம் கூறினேன். பன்னிரண்டு நாட்களாகக் கூறாமலிருந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை.

"இருபத்திமூணா? எனக்கு அப்பம் இருபதுதான். சின்ன வயசுல்லா" என்றாள்.

அவள் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் பிரிவில் இருந்தாள். இன்றும் வீட்டில் போன் மணி அடித்தால் அவள் 'ஹலோ' சொல்லும் தொனியில் மறுமுனையில் உள்ளவர் நிமிர்ந்து உட்காருவார். வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும், 6.05 வண்டி. திரும்பி வரும்போது பெண்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்காருவார்களாம். எழும்பூர் தாண்டுமுன் அவரைக்காய் நறுக்கி முடிந்துவிடும். கிண்டி தாண்டுமுன் பூக்கட்டி முடிந்துவிடும். ஸ்டெல்லா என்பவள் மேலதிகாரியைப் போலப் பேசிக் காட்டுவாளாம். ஒருநாள் அந்த அதிகாரியின் மனைவியே அதே பெட்டியில் உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாளாம். இதையெல்லாம் சொல்கையில் காந்திமதி தன் முழங்காலை மறந்து எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் எத்தனையோ நாள் நான் பயணம் செய்திருக்கிறேன்.

"அந்நாளில் எனக்கு ஐந்து நிமிடமே ஆயிற்று என்பது உண்மைதானே" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு உண்மைதான். நீங்க வேலி ஓட்டைல குனிஞ்சு நொழஞ்சு, தண்டவாளத்தத் தாண்டி, நடைமேடைல தாவி ஏறினீங்க. நான் சேலையைக் கட்டிக்கிட்டு அதச் செய்ய முடியுமா? செய்யவும் கூடாதுல்லா. கேட்டச் சுத்தித்தான் போனேன். எக்ஸ்பிரஸ் வண்டிக்குன்னு கேட்ட மூடிட்டாம்னா ஆறஞ்சு போயிரும். அடுத்த வண்டியில போனா லேட்டு. மூணு லேட்டுக்கு அரை நாள் லீவு, அதுக்கு மேல மெமோ. மொத்தம் எத்தனை மெமோ தெரியுமா? பதினொண்ணு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். 'அஞ்சு நிமிஷ தூரம், அஞ்சு நிமிஷம் முன்னாடி கெளம்பு'ம்பீங்க."

கடைசி மெமோவோடு விசாரணை என்று வந்தபோது, அங்கே போய் நின்று பதில் சொல்வதற்குப் பதில் தானாகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

அவள் படுத்த பின் 1986-ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். '30 ஜூன், திங்கள். காந்திமதி தன் விருப்பப்படி வேலையிலிருந்து விலகினாள். மாலை வாழைக்காய் பஜ்ஜி. ஏழு சாப்பிட்டேன்.'

கையெழுத்து மிக நேர்த்தியாக இருக்கிறது.

21 செப்டம்பர் 2024, சனி

டீச்சரம்மாள் ஊரிலிருந்து வந்து ஒப்பமிட்டுவிட்டார். பதினொன்று ஆயிற்று. ஜெயவேலு மூன்றாம் முறையாக வந்தார்.

"பெரியவரே, என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ள வீட்ல புது ஃபிளாட் வரப்போவுதுன்னு சொல்லிட்டேன். நீங்க பக்கத்த எண்ணிக்கினே இருந்தா எப்டி?"

பதினேழாம் பக்கம் இருமுறை வந்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"ஒண்ண கிழிச்சுப் போடுங்க" என்றார்.

3 அக்டோபர் 2024, வியாழன்

ஆட்சேபணையை எழுதி முடித்துவிட்டேன். ஒன்பது பக்கம், இரண்டு அளவுக் குறிப்புகள். வட்டம் தவறானது, நிலையத்துக்குக் கிழக்கு நுழைவாயில் வேண்டும், அது அமையும்வரை கிழக்குப் பகுதியில் உயர்மாடிகளை அனுமதிப்பது அங்குக் குடிவருவோருக்கு இழைக்கும் அநீதி. யார் வரைந்த வட்டம் என்பது இதற்கு இன்றியமையாததன்று என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இதை ஏற்றுக்கொண்டால் நம் தெரு வட்டத்திலிருந்து வெளியேறும், பில்டர் போய்விடுவான், லிஃப்ட் வராது. இந்த விவரத்தைக் காந்திமதியிடம் வரிசைப்படி எடுத்துரைத்து, அவள் கருத்தைக் கேட்டேன்.

"லிஃப்ட்டு வேணும். யாரு வேண்டாம்னா? ஆனா லிஃப்ட்டுல இறங்கி நான் எங்க போவ? அந்தக் கேட்டுக்கா?"

மோரைக் கலக்கித் தம்ளரில் ஊற்றினாள்.

"பதினாலு மாடிங்கான். கார் நிறுத்த எடம் கெடயாதுங்கான். அத்தன வீட்டுலயும் காலைல ஒருத்தி வேலைக்குக் கெளம்புவா. அவ புருசனும் வட்டத்தக் காட்டி அஞ்சு நிமிஷம்தாம்பான்."

"அப்படியானால் கொடுத்துவிடட்டுமா?"

"அது ஒங்க பாடு. நீங்க ஜெயவேலுக்குக் கையெழுத்துப் போட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டு வருசமா சொன்னேனா?"

4 அக்டோபர் 2024, வெள்ளி

நகராட்சி அலுவலகம், பிற்பகல் 4.40. எழுத்தர் நேற்றோடு முடிந்துவிட்டது என்றார். என் அஞ்சலட்டையின்படி ஆகஸ்ட் 20 அன்று அவர்களே வெளியிட்ட திருத்த அறிவிப்பின் நகலைக் காட்டினேன். அவர் அதை இருமுறை படித்துவிட்டு, "அந்த அஞ்சலட்டை நீங்கதானா" என்றார். முத்திரை இட்டு ஒப்புகை தந்தார். வரிசை எண் 41.

9 அக்டோபர் 2024, புதன்

ஆட்சேபணை கொடுத்தது குடியிருப்பில் தெரிந்துவிட்டது. மோட்டார் போடும் முறை நம் வீட்டுக்கு வந்தபோது சாவியை யாரும் மேலே கொண்டுவந்து தரவில்லை. படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

23 அக்டோபர் 2024, புதன்

நகராட்சி மன்றக் கூடம். விசாரணை 11 மணிக்கு என்று அழைப்பில் இருந்தது, தொடங்கியது 11.25. காந்திமதியும் வருவேன் என்று சொல்லிப் பத்தொன்பது படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். ஆட்டோ கேட்டில் ஒன்பது நிமிடம் நின்றது. ஜெயவேலுவும் எங்கள் குடியிருப்பிலிருந்து ஐவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபர்ஸானா மேடையோரம் கணினியுடன் இருந்தாள்.

நாற்பத்தொன்றாம் எண் 1.10-க்கு வந்தது. ஒன்பது பக்கத்தையும் படிக்க ஆயத்தமானேன். விசாரணை அலுவலர், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார், கடிகாரத்தைக் காட்டி, "மூணு நிமிஷம் ஐயா" என்றார். "உங்க வீடு வட்டத்துக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளே."

"காலைலேர்ந்து நாப்பது பேர் எங்களையும் உள்ள போடுங்கன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்க வெளிய போடச் சொல்றீங்களா?"

"வட்டத்தையே எடுக்கச் சொல்கிறேன். நடந்து செல்லும் வழியை அளந்து எல்லை இட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து வழி 1,620 மீட்டர்."

பின்வரிசையிலிருந்து ஜெயவேலு எழுந்தார். "மேடம், இவர் இத்தினி வருஷமா எங்க எல்லார்கிட்டயும் ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. வீடு வாங்கும்போது எங்கப்பாகிட்டயும் அதான் சொன்னாரு. இப்ப மாத்திச் சொல்றாரு. எது நிஜம்னு கேளுங்க."

அம்மையார் என்னைப் பார்த்தார். "அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எப்படி ஐயா அஞ்சு நிமிஷம்?"

நான் 1969 முதல் நாட்குறிப்பு எழுதிவருகிறேன். எந்த ஆண்டின் எந்தப் பக்கத்திலும் இதை என் சொல்லாக எழுதியதில்லை. இன்று வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. அதில் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைக் கடந்து நடைமேடையில் ஏறினேன். 1981 முதல் 2004-இல் சுவர் எழுப்பும்வரை, வேலைநாள் ஒவ்வொன்றிலும். சட்டப்படி குற்றம். அதைச் செய்ய முடியாதவர்களுக்கும் ஐந்து நிமிடம் என்றே சொல்லிவந்தேன்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நியாயமான சிரிப்பு. அது அடங்கட்டும் என்று நின்றேன்.

"இன்னொன்றும் உண்டு அம்மா. அந்த வரைபடத்தின் மூலையில் தி.நெ. என்று இருக்கும். அது நான். 12 பிப்ரவரி 1979 அன்று அந்த வட்டத்தை வரைந்தேன். நாலு பேரோடு ஒருநாள் நடந்து பார்த்திருந்தால் வரைந்திருக்க மாட்டேன். அது தவறு."

ஃபர்ஸானா கணினியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. விசாரணை அலுவலர் எதையோ எழுதினார். பிறகு, முன்வரிசையில் தடியூன்றி உட்கார்ந்திருந்த காந்திமதியிடம், "அம்மா நீங்க?" என்றார்.

"அந்த வீட்டம்மாதான். அஞ்சரை வருசம் கேட்டச் சுத்தி நடந்தவ" என்றாள், டிரங்க் கால் குரலில். கூடத்தின் கடைசிவரை கேட்டது. "அதுக்கப்புறம் நடக்கல. வேலையை விட்டுட்டேன்."

திரும்பும் வழியில் ஆட்டோ மீண்டும் கேட்டில் நின்றது. காந்திமதி, "சட்டப்படி குத்தம்னெல்லாம் சொல்லணுமா? புடிச்சுக்கிட்டுப் போயிருந்தா?" என்றாள். காலக்கெடு கடந்துவிட்டது என்று விளக்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு வீடு வரும்வரை சிரித்தாள்.

31 அக்டோபர் 2024, வியாழன்

தீபாவளி. வழக்கமாகப் பதினோரு வீட்டுத் தட்டுகள் வரும். இவ்வாண்டு வந்தது டீச்சரம்மாளுடையது மட்டும். காந்திமதி பதினோரு வீட்டுக்கும் அதிரசம் கொடுத்தனுப்பினாள். எதுவும் திரும்பி வரவில்லை.

18 டிசம்பர் 2024, புதன்

ஆணை வெளியாயிற்று. வட்டம் நீக்கப்பட்டது. நிலைய வாயிலிலிருந்து நடந்து பத்து நிமிடத்துக்குள் அடையக்கூடிய இடங்களே செறிவு வளர்ச்சிப் பகுதி. பத்தி 14: 'கிழக்கு நுழைவாயில் அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அது திறக்கப்படும் நாள்வரை கிழக்குப் பகுதி இத்திட்டத்தில் சேராது.' திறக்கப்படும் நாள் எதுவென்று ஆணையில் தேதி இல்லை. தேதி இல்லாத வாக்கியத்தை நான் அரசு ஆவணங்களில் நிறையப் படித்திருக்கிறேன்.

புதிய வரைபடத்தை ஃபர்ஸானா அச்சிட்டு அனுப்பியிருந்தாள். மேற்கே தெருத்தெருவாக விரிந்து, கிழக்கே சுவரோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. அழகென்று சொல்ல இயலாது. காந்திமதி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "பாதி கடிச்ச அப்பளம் மாரி இருக்கு" என்றாள்.

மாலை 6.15-க்கு ஜெயவேலு மேலே வந்தார். உள்ளே வரவில்லை.

"சந்தோசமா? பில்டர் போன எடுக்க மாட்றான். ஒங்க வட்டத்த நீங்களே அழிச்சிக்கினீங்க. சரி, அது ஒங்களுது. எங்க லிஃப்ட்டு இன்னா பண்ணுச்சு ஒங்கள?"

கேள்வி சரியானது. "உங்கள் தந்தையிடம் ஐந்து நிமிடம் என்று சொன்னதற்கு வருந்துகிறேன்" என்றேன்.

"அவரு அத நம்பித்தான் வாங்குனாரு" என்றார். "தெனம் கேட்டச் சுத்தித்தான் நடந்தாரு. ஒரு நாளும் ஒங்கள ஒண்ணும் சொன்னதில்ல." படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

இரவு உணவின்போது காந்திமதி சொன்னாள்: "இந்த வீட்ட வாடகைக்கு விடுங்க. அந்தப் பக்கம் கீழ்வீடா ஒண்ணு வாடகைக்குப் பாருங்க. வட்டம் போட்டுப் பாக்காதீங்க. என்னயும் கூட்டிக்கிட்டு நடந்து பாருங்க."

23 ஜனவரி 2025, வியாழன்

தை 10. குடிபெயர்ந்தோம். மேற்கே, நிலையச் சாலையில் மளிகைக் கடைக்குப் பின்வீடு, கீழ்த்தளம். மூன்று வாரத்தில் ஆறு வீடுகளை அவளுடன் நடந்து பார்த்துத் தேர்ந்தது. சமையலறை சிறியது, காற்று போதாது, வண்டிச் சத்தம் விடியற்காலை 4.10-க்கே தொடங்கிவிடுகிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

சாமான் ஏற்ற இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். மரபீரோ படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஜெயவேலு கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி கழித்துச் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டுவிட்டு ஏறி வந்து, தோள் கொடுத்துத் திருப்பி இறக்கினார். மகள் திருமண அழைப்பிதழைக் காந்திமதி கையில் கொடுத்துவிட்டுப் போனார். உறையின் மேல் 'சார், அம்மா' என்று எழுதியிருந்தது. முகூர்த்தம் பிப்ரவரி 10, திங்கள். கிழமை சரியாக அச்சாகியிருக்கிறது.

27 ஜனவரி 2025, திங்கள்

கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க மாம்பலம் செல்வதென்று முடிவு. வீட்டைப் பூட்டியது 9.58. தடியூன்றி, இருமுறை நின்று, நடைமேடையை அடைந்தது 10.07. வண்டி 10.12-க்கு.

நான் அவளைப் பொதுப்பெட்டிக்கு அழைத்தேன். "நீங்க அங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பெண்கள் பெட்டியை நோக்கிப் போனாள். ஒரு பூக்காரம்மா கைகொடுத்து ஏற்றினாள். நான் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். இரண்டாம் நிலையம் தாண்டியபோது அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் அவளுடையது எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பல நிலையங்கள் வரை முயன்றேன்.

மாம்பலம் 10.41. இறங்கி, பெண்கள் பெட்டியின் வாசலுக்கு விரைந்து சென்று நின்றேன். அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடையதோ அவரைக்காய். கையில் யாருடையதோ கத்தி. எதிரே நான்கு பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாம்பலம் வந்துவிட்டது" என்றேன்.

"தெரியும். நீங்க சேலையப் பாத்து வையுங்க. நான் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள்.

வண்டி 10.42-க்குப் புறப்பட்டது. பீச் செல்லும் அடுத்த வண்டி 10.53. அதில் ஏறிக்கொண்டேன்.